அரக்குப் பாவாடையும் கோபித்த மாமனும்

பஸ் கொட்டச்சேட்டைத் தாண்டி முதல் வளைவில் திரும்புவதற்குள் காவேரி உத்தரவுகளைப் போட்டு முடித்துவிட்டாள்.

"பிடிச்ச துணியத் தொடக் கூடாது. அதுக்குப் பக்கத்துல இருக்கறதத்தான் தொடோணும். வெலை கேக்கும்போது மூஞ்சி வவுத்து வலி வந்தாப்புல இருக்கோணும். நான் எந்திரிச்சு நடந்தா எல்லாரும் எம் பின்னாடியே வரோணும். திரும்பிப் பாத்தீங்க, அம்பது ரூபா போச்சு."

"சரிங்க அண்ணி" என்றாள் வனிதா.

"சரிக்கா" என்றான் கமலக்கண்ணன்.

வனிதாவின் மடியில் இருந்த ரிதன்யா எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இரண்டு வயது இன்னும் முழுதாக நிரம்பாத அந்த மகராசி, முன் சீட்டுக்காரரின் குரங்குக் குல்லாயில் தொங்கிய குஞ்சத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

காவேரி கமலக்கண்ணனுக்கு உடன்பிறந்த அக்கா. மாரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை ரிதன்யாவுக்குக் காதுகுத்து என்றதும், அத்தைக்காரி இல்லாமல் எப்படி என்று போன வாரமே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். இன்று ஏற்காட்டில் ஆடித் தள்ளுபடிக்குக் கடைசி நாள். கடைசி நாள் என்றால் காவேரிக்கு விரதம் முடிகிற நாள் மாதிரி.

வனிதாவுக்கு இந்தப் பயணத்தில் என்ன கவலை என்பது இந்தக் குடும்பத்தோடு வாரம் தவறாமல் பயணம் செய்கிறவர்களுக்குத் தெரியும். இப்போதுதான் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை.

காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் எடுத்து வந்த புதுத்துணியைத்தான் உடுத்த வேண்டும். அந்த மாமனை, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும்.

ரிதன்யாவின் தாய்மாமன் தனபால், வனிதாவின் தம்பி. மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். அவனை அழைப்பதற்காகக் காவேரி தன் கையால் பித்தளைத் தட்டு தயார் செய்து தம்பி கமலக்கண்ணனிடம் கொடுத்தனுப்பினாள். அவன் எஸ்டேட் ஜீப் டிரைவர். தட்டை ஜீப்பில் வைத்துக் கிளம்பியவனை வழியிலேயே மேனேஜர் போன் போட்டுத் திருப்பினார். விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்ட வேண்டுமாம். ஏறிய விருந்தாளிகள் தங்களுக்கான வரவேற்புத் தட்டு என்று நினைத்து வாழைப்பழத்தை உரித்துத் தின்று, மாதுளம்பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

வெறும் தட்டோடு நின்ற கமலக்கண்ணனுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. அவனுக்கு யோசனை தோன்றினால் வீட்டில் யாராவது அழ வேண்டியிருக்கும். காதுகுத்துப் பத்திரிகையைப் படம் பிடித்து, 'மலை ஜீப் நண்பர்கள்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். மச்சானும் அதில்தானே இருக்கிறான்!

பத்திரிகைக்கு மேலே, 'எட்டாவது வளைவில் லாரி ரிப்பேர், பார்த்து வரவும்.' கீழே, 'பழைய டயர் விற்பனைக்கு.' அதற்கும் கீழே தனபாலின் பதில்: 'வாழ்த்துகள் நண்பரே.'

கமலக்கண்ணன் வீட்டுக்கு வந்து, நேரில் அழைத்தாயிற்று என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். உண்மை தெரிந்தது வனிதாவுக்கு மட்டும்தான்.

மாமன் வரவில்லை என்று தெரிந்தால் காவேரி என்ன செய்வாள் என்பதில் சந்தேகமே இல்லை. அவள் புருஷன் பெரியசாமியும் குழந்தைக்கு மாமா முறைதான். அவரைப் பிடித்து மணையில் உட்கார வைத்துவிடுவாள். ஊர் பார்க்கத் தனபாலின் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அவன் ஜென்மத்துக்கும் இந்த வாசல் ஏற மாட்டான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வனிதாவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருத்தன்தான்.

"ஏனுங்க" என்று வனிதா புருஷன் காதில் கிசுகிசுத்தாள். "இன்னிக்கு எப்பிடியாச்சும் மாமன் துணின்னு ஒண்ண நானே எடுத்து ஒளிச்சு வெச்சுக்கறேன். நீங்க அண்ணியப் பேச்சுல புடிச்சு வெய்யுங்க."

"அது போதும் புள்ள. சீர் வந்துட்டா மாமன் வந்த மாதிரிதான?"

"சீரு மடி போட்டு உக்காருமாங்க?"

கமலக்கண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

*

ஏரிக்குப் போகும் சாலையில் இருந்த கல்யாண மண்டபம் அன்று கடையாகியிருந்தது. வாசலில் சாரலில் நனைந்த செருப்புகள் மலை மாதிரி கிடந்தன. மணமேடையில் நைட்டிகள் தொங்கின. ஒலிபெருக்கியில் ஒருவர் தொண்டை கட்டியதைப் பொருட்படுத்தாமல் கத்திக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா வாங்க! ஆடி போனா வராது! ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்! விட்டுட்டு ஊட்டுக்குப் போயி வருத்தப்படாதீங்க!"

கடையின் முதலாளி முருகேசன் சேலத்துக்காரர். போர்வைக் குவியலுக்கு நடுவே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். காவேரிக்குப் பச்சைக் கட்டம் போட்ட கம்பளிப் போர்வை ஒன்று கண்ணில் பட்டது. பட்டதும் அவள் அதற்குப் பக்கத்தில் இருந்த ஊதாப் போர்வையைத் தொட்டாள்.

"இது என்னங்க வெலை?"

"அறுநூத்தம்பது."

"சாக்குப் பையாட்டம் இருக்குது. இதுக்குப் போயி அறுநூத்தம்பதா? அந்தப் பச்சை?"

"அதுவும் அறுநூத்தம்பதுதாங்க."

"முந்நூறு ரூபா தர்றேன்."

"அம்மா, நூலே முந்நூறுக்கு வராதுங்க."

காவேரி எழுந்தாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். வனிதா பின்னால் நடந்தாள். கமலக்கண்ணனும் நடந்தான். முருகேசன் வாயைத் திறந்து கூப்பிடப்போகும் அந்தப் பொன்னான நேரத்தில், பின்னாலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பக்கத்து மேஜையிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ரிதன்யா தூணில் போய் முட்டியிருந்தாள். கையை விட்டது எப்போது என்று வனிதாவுக்கே தெரியவில்லை. வாளிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. குழந்தைக்கு அது பிடித்துவிட்டது. மறுபடி முட்டினாள்.

மூன்று பேரும் திரும்பி ஓடி வந்தார்கள்.

"வாளி நூறு ரூபாய்ங்க" என்றார் முருகேசன் அமைதியாக. "கழட்டுனாலும் சரி, அப்பிடியே கூட்டிட்டுப் போனாலும் சரி."

வாளியைக் கழற்ற முடியவில்லை. கழற்றினால் மண்டபமே இடிகிற மாதிரி அழுதாள். காவேரி பல்லைக் கடித்துக்கொண்டு நூறு ரூபாயை எடுத்து வைத்தாள். பேரம் பேசாமல் அவள் ஒரு பொருளை வாங்கியது இதுதான் முதல் தடவை.

"எல்லாம் அம்மாகாரி வளத்த வளப்பு" என்றாள்.

வனிதாவுக்கு இதுதான் சமயம் என்று பட்டது. "பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வருதாட்ட இருக்குதுங்க அண்ணி. செத்த நேரத்துல வந்துடறேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நழுவினாள்.

*

சாப்பாட்டுக் கூடத்தில் குழந்தைகள் துணி. பந்தி பரிமாறுகிற நீளமேஜைகளில் கவுன்களும் பாவாடைகளும் குவிந்து கிடந்தன. அதற்கு நடுவில் அரக்கு நிறத்தில் ஒரு பாவாடை, பச்சைக் கரை போட்டது. கரையில் சின்னச் சின்ன மயில்கள். அந்த அளவில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

வனிதாவின் கை தானாக அதை நோக்கிப் போனது. சட்டென்று அண்ணியின் உத்தரவு ஞாபகம் வந்து, பக்கத்தில் இருந்த நீலத்தைத் தொட்டாள். முகத்தை வயிற்று வலி மாதிரி வைத்துக்கொண்டாள்.

விற்கிற பெண் பதறிப்போனாள். "என்னாச்சுங்க அக்கா? உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"இல்ல கண்ணு, வெலை கேக்கறேன்."

இடுப்பில் இருந்த ரிதன்யாவுக்கு இந்த சாஸ்திரம் எதுவும் தெரியாது. வாளியை வீசி எறிந்தாள். இடுப்பிலிருந்து மேஜைமேல் சரிந்து இறங்கி, இரண்டு கையாலும் அரக்குப் பாவாடையை அள்ளி முகத்தோடு அணைத்துக்கொண்டாள்.

"பாவா! எம் பாவா!"

"பாப்பாவே முடிவு பண்ணிருச்சுங்க" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

அப்போதுதான் பாவாடையின் மறுமுனை இழுபடுவதை வனிதா பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அதைப் பிடித்திருந்தது. கையைத் தொடர்ந்து மேலே பார்த்தால் பவித்ரா. தனபாலின் மனைவி.

அவளுக்குப் பின்னால், மப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு, தனபால்.

பவித்ராவும் விடவில்லை, ரிதன்யாவும் விடவில்லை.

"உட்டுரு பவி" என்றான் தனபால். "அவங்களே எடுத்துக்கட்டும். நமக்கென்ன? நாம குரூப் மெம்பருதான?"

"ஏன் தம்பி இப்பிடிப் பேசற?"

"தம்பின்னெல்லாம் சொல்லாதீங்க. நண்பர்னு சொல்லுங்க. மலை ஜீப் நண்பர்."

"நீயும்தான 'வாழ்த்துகள் நண்பரே'ன்னு போட்ட? அதப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல தெரியுமா?"

"வேற என்ன போடறது? மேல லாரி ரிப்பேரு, கீழ பழைய டயரு. நடுவுல எம் மருமவ காது! அதுக்குக் கூட்டாளிக எல்லாம் எனக்கே போன் பண்ணிக் கேக்கறானுங்க. 'ஏண்டா தனபாலு, உங்கக்கா ஊட்டு விசேஷமாமே, உனக்குச் சொன்னாங்களா'ன்னு. என்ன பதில் சொல்றது?"

கேள்வி நியாயமான கேள்வி.

"அப்ப இங்க என்னத்துக்குடா பாவாடை பாக்கற?" என்றாள் வனிதா.

தனபால் மப்ளரைச் சரிசெய்தான். "சீரு குடுக்கறது எங் கடமை. கூப்படறது உங்க மரியாதை. என் கடமைய நான் செய்வேன். யாருகிட்டயாச்சும் ஜீப்புல குடுத்தனுப்பிச்சிருப்பேன்."

"சும்மா இருங்க" என்றாள் பவித்ரா. "அக்கா, போன வாரமே வந்து இந்தப் பாவாடையப் பாத்துட்டுப் போயிட்டாருங்க. ராத்திரி தூக்கத்துல மயிலு மயிலுங்கறாரு. நான் யாரோன்னு பயந்தே போயிட்டேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது வனிதாவுக்கு. "நீ வரோணும் தம்பி. அவ உம் மடியிலதான் உக்காரோணும். வேற யாரு மடியில உக்காந்தாலும் நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

தனபால் தரையைப் பார்த்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "மாமா ஒரு தட்டு நீட்டி, ஒரு வார்த்தை சொல்லட்டும். ஊட்டுக்குக் கூட வர வேண்டாம். இந்த மண்டபத்து வாசல்ல நின்னு சொன்னாலும் சரி. நான் வந்துடறேன்."

"வனிதா! எங்க போயிட்ட புள்ள?" காவேரியின் குரல் கூடத்து வாசலில் கேட்டது.

வனிதாவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, அண்ணி! உன்னப் பாத்தா தட்டப் பத்திக் கேப்பாங்க!"

"கேட்டா உள்ளதத்தான் சொல்வேன். பொய் சொல்ல எனக்கு வராது."

"அப்ப கண்ணுல படாத. வெளிய நில்லு. உங்க மாமா வருவாரு."

தனபால் குனிந்து பாவாடையைப் பிடித்தான். "குடு சாமி. மாமன் உனக்குத்தான் வாங்கறேன்."

ரிதன்யா கொடுப்பாளா? அவன் மெல்ல இழுத்தான். அவள் பலமாக இழுத்தாள். காவேரியின் குரல் இன்னும் பக்கத்தில் கேட்டதும் அவன் வெடுக்கென்று உருவினான். ரிதன்யா மேஜைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அழவில்லை. அவன் முகத்தை, மப்ளரோடு, மீசையோடு, நிதானமாகப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

பணத்தை அந்தப் பெண் கையில் திணித்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் சமையற்கட்டு வழியாக மறைந்தார்கள்.

"யாரு எம் புள்ளைய அடிச்சது?" என்று காவேரி வந்து நின்றாள். பின்னால் கமலக்கண்ணன், அக்காவைப் பேச்சில் பிடித்துவைக்கத் தெரியாத முகத்தோடு.

"பாவாடை கேட்டு அழுவுதுங்க அண்ணி."

"அது மாமன் எடுத்தாரோணும் சாமி. நாம எடுக்கக் கூடாது" என்று காவேரி குழந்தையைத் தூக்கி முதுகைத் தட்டினாள்.

வனிதா புருஷன் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "தம்பி வெளிய நிக்கறான். ஒரு தட்டு, வெத்தலை, பாக்கு, பழம். ஓடுங்க!"

"தட்டுக்கு நான் எங்க போவேன் புள்ள?"

"ஏனுங்க, இது கடைங்க!"

*

கமலக்கண்ணன் திரும்பி வரும்வரை காவேரியை வாசல் பக்கம் விடக் கூடாது. அதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"அண்ணி, அந்தப் பச்சைப் போர்வைய நான் ஒருக்கா பேசிப் பாக்கட்டுங்களா? நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னா தைரியமா இருக்கும்."

காவேரியின் முகம் மலர்ந்தது. அவளிடம் யாரும் இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வந்ததில்லை. "வா, வா" என்று முன்னால் நடந்தாள்.

பேரம் நீள வேண்டும். குறைந்தது ஒரு கால் மணி நேரமாவது இழுக்க வேண்டும். அதற்கு எடுத்த எடுப்பிலேயே அடிமாட்டு விலை கேட்க வேண்டும். கடைக்காரர் கொதிக்க வேண்டும். அவள் இறங்க, அவர் ஏற, அப்படியே போக வேண்டும். வனிதா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போர்வைக் குவியல் முன்னால் உட்கார்ந்தாள்.

"இருநூறு" என்றாள்.

"எடுத்துக்கோங்க" என்றார் முருகேசன்.

வனிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க?"

"எடுத்துக்கோங்கம்மா. மேல பனி எறங்குதுங்க. லாரிக்காரன் இப்பவே கெளம்போணும்ங்கறான். சரக்கத் திருப்பி ஏத்தறதுக்குப் பதிலா வித்துட்டுப் போலாம்."

மண்டபத்தின் மறுகோடியில் பையன்கள் நைட்டிகளை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். வனிதா தவித்தாள். "இல்லீங்க... இருநூறு ஜாஸ்தி. நூத்தம்பது."

"சரிங்க."

"நூறு!"

"சரிங்கம்மா. கவர் போடட்டுங்களா?"

இவ்வளவு கெட்ட நேரத்தில் இவ்வளவு நல்ல வியாபாரி ஒருவர் அகப்படுவார் என்று அவள் நினைக்கவேயில்லை. ஆனால் காப்பாற்ற வேறொருத்தி பக்கத்திலேயே இருந்தாள். காவேரி இதுவரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது கண்ணைச் சுருக்கினாள்.

"கவர் இருக்கட்டுங்க. அறுநூத்தம்பது ரூவா போர்வைய நூறு ரூவாய்க்குக் குடுக்கறீங்கன்னா இதுல ஓட்டை இருக்கோணும். புடி புள்ள அந்த முனைய."

"ஆமாங்க அண்ணி! எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துரலாம்" என்று வனிதா பாய்ந்து பிடித்தாள்.

பச்சைப் போர்வையில் ஓட்டை இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் அதிகமானது. ஊதாவைப் பிரித்தார்கள். பழுப்பைப் பிரித்தார்கள். மடித்து வைத்திருந்ததை எல்லாம் பிரிப்பதைப் பார்த்து ரிதன்யா அழுகையை நிறுத்திவிட்டு ஒரு போர்வைக்கு அடியில் நுழைந்து இன்னொன்றுக்கு அடியில் வெளியே வந்தாள்.

முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். காசே வேண்டாம். சும்மாவே கொண்டுட்டுப் போங்க."

"சும்மாவா?" காவேரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க என்ன கையேந்தியா வந்தோம்? மருவாதியா ஒரு வெலை சொல்லுங்க."

"நூறு ரூவா குடுங்க."

"அப்பிடிச் சொல்லக் கூடாது. நீங்க நானூறுன்னு சொல்லோணும். நான் எரநூறுன்னு கேப்பேன். அப்பறம்தான் வாங்குன மாதிரி இருக்கும்."

"சரிங்க. நானூறு" என்றார் முருகேசன் களைத்துப்போன குரலில்.

"நானூறா? பகல் கொள்ளையா இருக்குதே!" என்று காவேரி உற்சாகமாக ஆரம்பித்தாள்.

வனிதா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சாரலுக்கு ஒதுங்கி, மண்டபத்துக் கூரைக்கடியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். கமலக்கண்ணன் கையில் ஒரு புது எவர்சில்வர் தட்டு. அதில் நாலு பேரிக்காய். வெற்றிலை கிடைக்கவில்லை போலிருக்கிறது, காகிதத்தில் சுற்றிய இரண்டு பீடாக்கள்.

தனபால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கட்டியபடி நின்றான். கமலக்கண்ணன் ஏதோ சொன்னான். தனபால் அசையவில்லை. கமலக்கண்ணன் இன்னும் ஏதோ சொன்னான். இந்தத் தடவை நீளமாகச் சொன்னான். தலையைத் தூக்காமல் சொன்னான். வனிதாவுக்கு ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. அவள் கல்யாணமான நாளிலிருந்து புருஷன் இத்தனை பேசி அவள் பார்த்ததும் இல்லை.

பவித்ரா புருஷனின் முழங்கையில் ஓர் இடி இடித்தாள்.

தனபால் கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்தான். துண்டை இடுப்பில் கட்டுவது போல அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினான்.

வனிதா போர்வை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள, அழுவற?" என்றாள் காவேரி.

"நூலு தூசுங்க அண்ணி."

"பாத்தீங்களா? தூசு! இருநூத்துக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்" என்று காவேரி பேரத்தை முடித்தாள்.

*

"அட, மாமன்காரரு! வாங்க தம்பி, வாங்க கண்ணு" என்று உள்ளே வந்த தனபாலையும் பவித்ராவையும் காவேரி வாய் நிறைய வரவேற்றாள். "கடைசி நாளுன்னா எல்லாரும் ஒரே எடத்துக்குத்தான் வந்தாகோணும். பையில என்னத்த எடுத்தீங்கன்னு கேக்க மாட்டேன், சீருக்குத்தான இருக்கும். கமலக்கண்ணன் வந்து முறையாக் கூப்புட்டானுங்களா?"

வனிதா அவசரமாகப் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

"கூப்புட்டாருங்க. தட்டு வெச்சு, வாய் தொறந்து கூப்புட்டாரு" என்றான் தனபால். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

காவேரியின் பார்வை அவன் கையிலிருந்த தட்டுக்குப் போனது. அவள் அனுப்பிய பித்தளைத் தட்டு இல்லை. எவர்சில்வர் தட்டு. நடுவில் ஒட்டிய விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அவள் விரல் நகத்தால் அதை மெல்லச் சுரண்டினாள். பீடாவைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கமலக்கண்ணன் கூரையில் ஏதோ பல்லி தேடுகிறவன் மாதிரி மேலே பார்த்தான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத காவேரியை வனிதா இதுவரை பார்த்ததில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சரி, மருமவளத் தூக்குங்க தம்பி. ஞாயித்துக்கிழம மடியில வெச்சுக்கோணுமில்ல, இப்பவே பழகட்டும்" என்றாள் காவேரி.

தனபால் போர்வைக் குவியல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். இரண்டு கையையும் நீட்டினான். "வா சாமி. மாமங்கிட்ட வா."

போர்வைக்கடியிலிருந்து ரிதன்யா தலையை நீட்டினாள். மப்ளரைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். அப்புறம் அவன் பக்கத்தில் இருந்த துணிப்பையைப் பார்த்தாள். பையின் வாயில் பச்சைக் கரை ஒரு விரற்கடை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எம் பாவா!" என்று ஒரு கத்தல். வெளியே நின்ற லாரிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். வனிதா அவளைத் தூக்கித் தம்பி மடியில் உட்கார வைத்தாள். ரிதன்யா மீன் மாதிரித் துள்ளினாள். பவித்ரா பேரிக்காய் காட்டினாள். பேரிக்காய் பறந்து போய் நைட்டி மூட்டையில் விழுந்தது. வனிதா மறுபடி உட்கார வைத்தாள். தனபாலின் மூக்கில் ஐந்து விரலும் பதிந்தது.

"ஒரு நிமிசம், ஒரு நிமிசம்" என்று தனபால் பைக்குள் கையை விட்டான். "இந்தா சாமி, உனக்குத்தான் வாங்கினேன், எடுத்துக்க."

அவன் கை வெளியே வருவதற்குள் காவேரியின் கை அதன்மேல் விழுந்தது.

"என்ன தம்பி பண்றீங்க? சீர்த் துணி தட்டுல வெச்சு, நாலு பேரு முன்னாடிதான் புள்ள மேல படோணும். முன்னாடியே குடுக்கக் கூடாது. முறைன்னா முறைதான்."

"இல்லீங்க, அழுவுதுங்களே..."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பையவே தொறக்காதீங்க."

தனபால் பையை அணைத்துக்கொண்டான். ரிதன்யாவுக்கு அதற்கு மேல் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. எடுத்தான், கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் தவழ்ந்து போய் காவேரியின் மடியில் ஏறி, மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒரு கண்ணால் மட்டும் மாமனைப் பார்த்தாள். அவன் லேசாகச் சிரித்துப் பார்த்தான். அவளுடைய கீழுதடு பிதுங்கியது.

தனபால் அக்காவைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள பழகிரும் இல்லக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

ஒரு வாரமாகப் பெரியவர்களின் கோபத்தை எப்படித் தீர்ப்பது என்று தூங்காமல் கிடந்த வனிதா, இரண்டு வயசுக்காரியின் கோபத்துக்கு எந்தத் தட்டில் எதை வைத்து யார் போய் நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

காவேரி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையால் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மாரமங்கலத்துக்குப் போட்டாள். ஒருதரம் மணி அடித்ததுமே எடுத்துவிட்டார் அவள் புருஷன் பெரியசாமி.

"ஏனுங்க, நாந்தான். அந்தப் பட்டு வேட்டி இருக்குதில்ல? அத எதுக்கும் ஒருக்கா இஸ்திரி போட்டு வெய்யுங்க."